கோவில் கட்டிய மகாராணி
செம்பியன் மாதேவியின் வரலாறு

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே இருக்கிறது திருமுல்லைவாயில். அரக்கோணம் போகும் மின்சார ரயில் அங்கே நின்று போகும்.

அந்த ஊரில் ஒரு பழைய சிவன் கோவில் உண்டு. மாசிலாமணீசுவரர் கோவில் என்று பெயர். அம்மனுக்குக் கொடியிடை நாயகி என்று பெயர். பவுர்ணமி வெள்ளிக்கிழமைகளில் அங்கே கூட்டம் அலைமோதும்.

கூட்டம் சாமியைப் பார்க்கும், கும்பிடும், பிரசாதம் வாங்கும், வீடு திரும்பும்.

அந்தக் கோவிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தியது. அதை நின்று படிப்பவர் மிகச் சிலர்.

அதில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. அவர் இந்த ஊர்க்காரர் அல்ல. இங்கிருந்து வெகு தொலைவில், காவிரிக் கரையில் வாழ்ந்தவர். சோழ நாட்டின் மகாராணி. இளம் வயதிலேயே கணவனை இழந்தவர்.

அவர் அம்பத்தூரில் நிலம் வாங்கினார். அதைத் திருமுல்லைவாயில் கோவிலுக்கு எழுதி வைத்தார்.

யார் அந்த மகாராணி? அவருக்கும் திருமுல்லைவாயிலுக்கும் என்ன தொடர்பு?

அவர்தான் செம்பியன் மாதேவி. அவருடைய கதையைக் கேளுங்கள்.

முல்லைக் கொடி

முதலில் ஊரின் கதை.

இந்தப் பகுதிக்கு அந்தக் காலத்தில் தொண்டை நாடு என்று பெயர். புழலில் குறும்பர்கள் கோட்டை கட்டிக்கொண்டு இருந்தார்களாம். ஓணன், வாணன் என்பவர்கள் அவர்களின் தலைவர்கள். அவர்களை அடக்கத் தொண்டைமான் என்ற மன்னன் படையோடு வந்தானாம்.

வழியில் ஒரு முல்லைப் புதர். மன்னன் ஏறி வந்த யானையின் காலில் முல்லைக் கொடி சுற்றிக் கொண்டது. மன்னன் வாளை உருவிக் கொடியை வெட்டினான். வெட்டிய இடத்தில் ரத்தம் பீறிட்டது!

மன்னன் பதறிப்போய்க் கீழே குதித்தான். புதரை விலக்கிப் பார்த்தான். உள்ளே சிவலிங்கம்!

சிவன் அவனுக்குக் காட்சி கொடுத்தார்; துணைக்கு நந்தியையும் அனுப்பினார்; மன்னன் போரில் வென்றான் என்பது தலபுராணம். குறும்பர் கோட்டையில் இருந்து அவன் கொண்டுவந்தது என்று சொல்லப்படும் இரண்டு எருக்கந்தூண்கள், இன்றும் சன்னதி முன்னால் இருக்கின்றன.

பெரும்பாலான சிவன் கோவில்களில் நந்தி சாமியைப் பார்த்துப் படுத்திருக்கும். இங்கே சாமிக்கு முதுகு காட்டி, வாசலைப் பார்த்து இருக்கும். போருக்குப் புறப்பட்ட நந்தி அல்லவா!

லிங்கத்தின் மேல் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு உண்டு. வெட்டுக் காயம் ஆற வேண்டும் என்பதற்காக அந்தச் சந்தனமாம். சித்திரை மாதம் சதய நட்சத்திரத்தை ஒட்டி மட்டும் அதைக் களைவார்கள்.

தேவாரம் பாடிய சுந்தரர் இந்த ஊருக்கு வந்தார். பதிகம் பாடினார். தொண்டைமான் கதை அந்தப் பதிகத்திலேயே வருகிறது. ஆகவே, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இது பேர் பெற்ற கோவில்.

செம்பியன் மாதேவி இந்த ஊருக்குக் கொடை கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மூவர் பாடிய ஊர் என்றால், அவருக்கு உயிர்.

மழவர் வீட்டுப் பெண்

செம்பியன் மாதேவி, மழவரையர் என்ற குறுநில மன்னரின் மகள்.

சோழ இளவரசன் கண்டராதித்தனுக்கு அவரை மணம் முடித்துக் கொடுத்தார்கள். கண்டராதித்தனின் தந்தை, முதலாம் பராந்தக சோழன். 907-ல் பட்டத்துக்கு வந்து, சுமார் 48 ஆண்டுகள் ஆண்டவன். மதுரையை வென்றவன். தில்லைக் கோவிலுக்குப் பொன் வேய்ந்தவன்.

அவ்வளவு பெரிய வீட்டுக்கு மருமகளாகப் போனவர், கழுத்து நிறைய நகை போட்டுக்கொண்டு ஊஞ்சலில் ஆடிக்கொண்டு இருக்கவில்லை. 941-ல் ஒரு கோவிலில் அணையா விளக்கு எரிய அவர் வழி செய்தார். அவர் பெயரில் கிடைத்த மிகப் பழைய கொடை அதுதான்.

அணையா விளக்கு என்றால் என்ன? இரவும் பகலும் எரியும் விளக்கு. அதற்கு நெய் வேண்டும். தினமும் நெய் வாங்கக் காசு கொடுத்தால், காசு ஒரு நாள் தீர்ந்துபோகும். ஆகவே அந்தக் காலத்தில் ஒரு தந்திரம் செய்தார்கள்.

ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது பெரும்பாலும் கணக்கு. ஆடுகளை ஓர் இடையரிடம் கொடுப்பார்கள். அவர் தினமும் ஓர் உழக்கு நெய் கோவிலுக்கு அளக்க வேண்டும். ஆடு குட்டி போடும், மந்தை பெருகும். கிழட்டு ஆடு செத்தால், குட்டி அதன் இடத்துக்கு வரும். ஆகவே கணக்கில் 96 ஆடு எப்போதும் இருக்கும்! சாகாத ஆடு, மூப்பு அடையாத ஆடு என்றே கல்வெட்டில் எழுதி வைத்தார்கள்.

கொடுத்தவர் இறந்துபோவார். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

இந்தப் பாடம் செம்பியன் மாதேவியின் மனதில் நன்றாகப் பதிந்தது. நிலைத்து நிற்கும்படி செய்வதே தருமம் என்று அவர் நினைத்தார். அவர் வாழ்க்கை முழுவதும் அப்படித்தான்.

தக்கோலப் போர்

949-ம் ஆண்டு. சோழ நாட்டின் தலையில் இடி விழுந்தது.

வடக்கே ராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், பெரும் படையோடு தொண்டை நாட்டுக்குள் புகுந்தான். கங்க நாட்டு மன்னன் பூதுகன் அவனுக்குத் துணை.

பராந்தகனின் மூத்த மகன் ராஜாதித்தன் எதிர்த்து நின்றான். அரக்கோணம் அருகே உள்ள தக்கோலத்தில் போர் நடந்தது. ராஜாதித்தன் யானை மீது அமர்ந்து போரிட்டான். யானை மீதே உயிரை விட்டான்.

தலைவன் விழுந்ததும் படை சிதறியது. தொண்டை நாடு எதிரியின் கைக்குப் போயிற்று. மூன்றாம் கிருஷ்ணனைத் தமிழர்கள் கன்னரதேவன் என்று அழைத்தார்கள். திருவொற்றியூர் கோவிலில் கன்னரதேவன் பெயரில் கல்வெட்டுகள் இருக்கின்றன. புழலும் அம்பத்தூரும் திருமுல்லைவாயிலும் இருந்த நாடு, சோழர் கையை விட்டு நழுவியது.

அண்ணன் போய்விட்டான். ஆகவே, தம்பி கண்டராதித்தனுக்கு முடி சூட்டினார்கள். செம்பியன் மாதேவி பட்டத்து அரசி ஆனார்.

எப்படிப்பட்ட நேரம்! நாட்டில் பாதி போய்விட்டது. வீட்டில் துக்கம். மாமனார் கிழவர்.

கண்டராதித்தன் வாள் பிடித்த கையைவிட, கும்பிட்ட கையே பெரிது என்று நினைத்தவன். சிவபக்தன். தில்லை நடராஜர் மீது அவன் பாடிய பதிகம், ஒன்பதாம் திருமுறையில் திருவிசைப்பாவாகச் சேர்ந்திருக்கிறது. அரசர்களில் அந்தப் பெருமை பெற்றவன் அவன்தான்.

கணவன் பாடினான். மனைவி கேட்டார். பாட்டிலே இருந்த நடராஜரைப் பின்னாளில் கோவில்தோறும் கல்லில் வைத்தவர் அந்த மனைவிதான்.

கையில் குழந்தை

957 வாக்கில் கண்டராதித்தன் மறைந்தான்.

செம்பியன் மாதேவியின் கையில் ஆண் குழந்தை. பெயர் மதுராந்தகன். தகப்பன் முகத்தை நன்றாகப் பார்த்துப் பழகக்கூட அந்தக் குழந்தைக்குக் கொடுத்து வைக்கவில்லை.

நாட்டுக்கு அரசன் வேண்டும். எதிரி எல்லையில் நிற்கிறான். கைக்குழந்தை எப்படிப் படை நடத்தும்? ஆகவே, கண்டராதித்தனின் தம்பி அரிஞ்சயன் பட்டத்துக்கு வந்தான். அவன் ஆட்சி மிகவும் குறுகியது. அவனுக்குப் பிறகு அவன் மகன் சுந்தர சோழன் அரசன் ஆனான்.

முறைப்படி பார்த்தால், பட்டம் மதுராந்தகனுக்குச் சேர வேண்டியது. அது கொழுந்தனார் வீட்டுக்குப் போய்விட்டது.

அரண்மனைகளில் இதற்காக என்னென்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். விஷம் வைப்பார்கள், ஆள் சேர்ப்பார்கள், நாட்டை இரண்டாக உடைப்பார்கள். உலகச் சரித்திரம் முழுவதும் இந்த ரத்தக் கறை உண்டு.

செம்பியன் மாதேவி அதற்கு இறங்கவில்லை. தன் பிள்ளைக்காக நாட்டை உடைக்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. கணவன் இறந்தால் உடன்கட்டை ஏறுவது அந்தக் காலத்தில் அரச குடும்பங்களில் உண்டு. சுந்தர சோழன் 973 வாக்கில் இறந்தபோது, அவன் மனைவி வானவன் மாதேவி, பச்சைக் குழந்தையையும் விட்டுவிட்டுத் தீயில் இறங்கினாள். திருக்கோவலூர்க் கல்வெட்டு இதைச் சொல்கிறது. படிக்கும்போதே நெஞ்சு பதறும்.

செம்பியன் மாதேவி வாழ்ந்தார். பிள்ளையை வளர்த்தார். வெள்ளைப் புடவைக்குள் முடங்கிக் கிடக்கவும் இல்லை. கணவனை இழந்த பிறகு நாற்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்து, எந்த அரசனும் செய்யாத ஒரு வேலையைச் செய்து முடித்தார்.

கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்குச் செம்பியன் மாதேவியை நன்றாகத் தெரியும். அதில் அவர், தன் மகன் அரசாளக் கூடாது என்று தடுக்கும் தாயாக வருவார். அது நாவலாசிரியரின் கற்பனை. கல்வெட்டுகளில் வரும் செம்பியன் மாதேவி, உத்தம சோழனைப் பெற்றவர் என்பதையே தன் பெரும் பேறாகச் சொல்லிக்கொள்ளும் தாய்.

செங்கல்லும் கருங்கல்லும்

அவர் செய்த வேலை என்ன?

அந்தக் காலத்தில் காவிரிக் கரைக் கோவில்களில் பல, செங்கல் கோவில்கள். சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் பாடிய கோவில்களும் அப்படித்தான். செங்கல்லும் சுண்ணாம்பும் எத்தனை காலம் தாங்கும்? ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். விரிசலில் பறவை போட்ட அரசம் விதை முளைக்கும். வேர் உள்ளே இறங்கிச் சுவரைப் பிளக்கும்.

கோவில் இடிந்தால் பாடல் பெற்ற இடம் எது என்பதே மறந்துபோகும்.

செம்பியன் மாதேவி ஒரு முடிவுக்கு வந்தார். இந்தக் கோவில்களை எல்லாம் கல்லால் கட்ட வேண்டும்.

சொல்வது எளிது. தஞ்சைத் தரணியில் கல் ஏது? தோண்டத் தோண்ட வண்டல் மண்தான் வரும். அம்மி கொத்தவே வெளியூர்க் கல் வேண்டும்! ஒரு கோவிலுக்கு ஆயிரக் கணக்கான கற்கள் வேண்டும். அத்தனையும் தொலைவில் இருந்து வந்தாக வேண்டும்.

வந்தன. கும்பகோணம் பக்கத்தில் கோனேரிராஜபுரம் என்ற ஊர் இருக்கிறது. பழைய பெயர் திருநல்லம். அங்கே கல் கோவில் எழுந்தது. அதைத் தன் கணவனின் பெயரால் அவர் கட்டினார்.

அந்தக் கோவிலின் தெற்குச் சுவரில் ஒரு சிறிய சிற்பம் உண்டு. கண்டராதித்தன் சிவலிங்கத்தை வணங்கும் காட்சி. அது இன்னார் என்று பக்கத்திலேயே எழுத்தும் வெட்டி இருக்கிறார்கள். தன் கணவன் நிரந்தரமாகச் சாமி கும்பிட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று ஒரு மனைவி செய்த ஏற்பாடு அது. ஆயிரம் ஆண்டாக அவன் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறான்.

தாஜ்மகாலைக் கணவன் கட்டினான். அதற்கு 650 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு தமிழ்ப் பெண் தன் கணவனுக்காகக் கட்டிய நினைவுச் சின்னம் திருநல்லம்!

இன்னொரு செய்தி. கோவிலைக் கட்டிய தலைமைச் சிற்பியின் பெயரும் அங்கே கல்லில் இருக்கிறது. சாத்தன் குணபட்டன் என்பது அவர் பெயர். ஹரசரண சேகரன் என்றும் சொல்வார்கள். அவருக்கு அரசாங்கப் பட்டமும் கொடுத்தார்கள். கட்டச் சொன்னவரின் பெயர் நிற்பது வழக்கம். கட்டிய கையின் பெயரும் நிற்பது அபூர்வம்.

பழைய பெயர்களை அழிக்கவில்லை

ஆடுதுறை, திருக்கோடிக்காவல், திருவாரூர் அறநெறி, குத்தாலம், திருமணஞ்சேரி, விருத்தாசலம், ஆனாங்கூர் என்று கோவில்கள் வரிசையாகக் கல் கோவில்கள் ஆயின.

விருத்தாசலம் கோவிலைத் தெரியாதவர் உண்டா? பழமலைநாதர் கோவில். அதன் கருவறையை 981 வாக்கில் கல்லில் கட்டியவர் செம்பியன் மாதேவிதான்.

திருக்கோடிக்காவலில் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

பழைய கோவிலைப் பிரித்தபோது, அங்கே பழைய கல்வெட்டுகள் இருந்தன. யாரோ விளக்குக்குப் பொன் கொடுத்திருப்பார். யாரோ பூந்தோட்டத்துக்கு நிலம் கொடுத்திருப்பார். அவர்கள் எல்லோரும் இறந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும். கேட்பதற்கு ஆள் இல்லை.

புதிய கோவில் கட்டும் அரசி, பழைய கற்களைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் பெயரை மட்டும் பெரிதாக வெட்டிக்கொள்ளலாம். யார் தடுப்பார்?

செம்பியன் மாதேவி காலத்தில் அப்படிச் செய்யவில்லை. பழைய கல்வெட்டுகளைப் படி எடுத்தார்கள். புதிய கல் சுவரில் மறுபடியும் வெட்டினார்கள். இது பழைய கல்லில் இருந்ததன் படி என்று குறிப்பும் போட்டார்கள்.

எவனோ ஓர் ஏழை கொடுத்த சிறு கொடைக்கும், மகாராணியின் கோவிலில் இடம் கிடைத்தது. நேர்மை என்றால் இதுதான்.

கோவில் சுவர்களின் மாடங்களில் எந்தச் சாமியை எங்கே வைப்பது என்பதிலும் அவர் காலத்தில் ஓர் ஒழுங்கு வந்தது. ஆடும் நடராஜருக்கு வெளிச்சுவரில் நிலையான இடம் கிடைத்தது. பின்னால் வந்த சோழர் கோவில்கள் அந்த வழியைப் பின்பற்றின.

இதே காலத்தில் வடக்கே கஜுராகோவில் லட்சுமணர் கோவில் எழுந்தது. கடலுக்கு அப்பால் கம்போடியாவில் 967-ல் பண்டேசிரீ என்ற அழகான சிவன் கோவிலைக் கட்டினார்கள். உலகின் பல மூலைகளில் உளிச் சத்தம் கேட்ட காலம் அது. காவிரிக் கரையில் அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தவர் ஒரு பெண்.

மகனுக்கு முடி

சுந்தர சோழனுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவன் ஆதித்த கரிகாலன். இளையவன் அருள்மொழி. ஆதித்த கரிகாலனே அடுத்த அரசன் என்று இளவரசுப் பட்டம் கட்டியிருந்தார்கள்.

ஆனால் அவனைச் சதி செய்து கொன்றுவிட்டார்கள். கொலையாளிகளின் சொத்தைப் பறிமுதல் செய்த செய்தி, காட்டுமன்னார்கோவில் அருகே உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது.

அடுத்து யார்? மக்கள் அருள்மொழி அரசாள வேண்டும் என்று விரும்பினார்கள். அருள்மொழி மறுத்துவிட்டான். தன் சிற்றப்பன் மதுராந்தகனுக்கு ஆட்சியில் விருப்பம் இருக்கும் வரை, தனக்குப் பட்டம் வேண்டாம் என்று ஒதுங்கினான்.

இதைச் சொல்வது திருவாலங்காட்டுச் செப்பேடு. அந்தத் திருவாலங்காடு எங்கே இருக்கிறது? ஆவடியில் அரக்கோணம் ரயில் ஏறினால், திருவள்ளூர் தாண்டி வரும். அவ்வளவு பக்கம்!

971 வாக்கில் மதுராந்தகன், உத்தம சோழன் என்ற பெயரோடு முடி சூடினான். கைக்குழந்தையோடு நின்ற தாய், மகனைச் சிம்மாசனத்தில் பார்த்தார். பதினான்கு ஆண்டு காத்திருப்பு வீண் போகவில்லை. ரத்தம் சிந்தாமல், பட்டம் தானாக வீடு தேடி வந்தது.

உத்தம சோழன் பெயர் பொறித்த பொற்காசு உண்டு. இன்னார் காசு என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மிகப் பழைய சோழர் காசு அது. அவனுடைய செப்பேடு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது. காஞ்சிபுரத்துக் கோவில் வரவு செலவையும், அங்கே இருந்த நெசவாளர் சேரிகளின் பொறுப்பையும் அது சொல்கிறது.

காஞ்சிபுரம் தொண்டை நாட்டில் அல்லவா இருக்கிறது? ஆம். தக்கோலத்தில் போன நாடு திரும்பி வந்துவிட்டது!

அம்பத்தூர் நிலம்

இப்போது திருமுல்லைவாயிலுக்கு வருவோம்.

உத்தம சோழனின் 14-ம் ஆட்சி ஆண்டு. கணக்குப்படி 984 வாக்கில் வரும். அந்த ஆண்டில் செம்பியன் மாதேவி, புழல் கோட்டத்தைச் சேர்ந்த அம்பத்தூரில் நிலத்தை விலைக்கு வாங்கித் திருமுல்லைவாயில் சிவனுக்குக் கொடுத்தார்.

நன்றாகக் கவனியுங்கள். மகன் நாட்டுக்கே ராஜா. தாய் நினைத்தால், அந்த நிலம் என்னுடையது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்யவில்லை. விலை கொடுத்து வாங்கினார். பிறகுதான் தானம் செய்தார். அடுத்தவன் சொத்தைப் பிடுங்கி ஆண்டவனுக்குக் கொடுப்பது தருமம் ஆகாது அல்லவா?

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 35 ஆண்டுகளுக்கு முன், இதே தொண்டை நாட்டில்தான் அவருடைய கணவனின் அண்ணன் போரில் விழுந்தான். அந்தச் சேதி வந்த அன்று அரண்மனையில் ஒப்பாரி கேட்டிருக்கும். அந்த மண்ணில் மறுபடியும் சோழர் கொடி பறந்தது. அங்கே அவர் பழி வாங்கும் தூண் எதையும் நடவில்லை. சாமிக்கு நிலம் வாங்கி வைத்தார்.

அன்று அந்த நிலத்தில் நெல் விளைந்திருக்கும். இன்று அம்பத்தூரில் தொழிற்சாலைகள், அடுக்கு வீடுகள், சாலை நிறைய லாரிகள். நிலத்தின் எல்லை தெரியவில்லை. கொடுத்தவரின் பெயர் கல்லில் தெரிகிறது.

பேரன் வணங்கிய பாட்டி

985-ல் அருள்மொழி அரசன் ஆனான். அவன்தான் ராஜராஜ சோழன். உலகம் போற்றும் தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டியவன்.

ராஜராஜனுக்குச் செம்பியன் மாதேவி பாட்டி முறை. சிறுவயதில் இருந்தே அந்தப் பாட்டி கோவில் கோவிலாகக் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் அவன். 1010-ல் பெரிய கோவில் விமானத்துக்கு ராஜராஜன் கலசம் வைத்தான். அவ்வளவு பெரிய கோவிலைக் கட்டத் தெரிந்த சிற்பிகள் ஒரே நாளில் முளைத்துவிடுவார்களா? பாட்டி கட்டிய சிறிய கோவில்களில் கல் தட்டிப் பழகிய கைகளின் வாரிசுகள்தானே அவர்கள்!

ராஜராஜன் பட்டத்துக்கு வந்த பிறகும் செம்பியன் மாதேவியின் திருப்பணி நிற்கவில்லை. மகன் காலம் முடிந்துவிட்டதே என்று அவரை யாரும் ஒதுக்கவில்லை. அவருடைய பேரன், உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன், ராஜராஜனின் கீழ் அதிகாரியாக வேலை பார்த்தான். கோவில் கணக்கு வழக்குகளைச் சரிபார்ப்பது அவன் பொறுப்பு. ஏதாவது கோவிலில் பூசைக்குக் குறை என்றால் விசாரணை செய்வான். பாட்டியின் ரத்தம்!

செம்பியன் மாதேவியின் கடைசித் திருப்பணிகளில் ஒன்று, திருவக்கரைக் கோவில். விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. 1001 வாக்கில் அங்கே கல் கோவில் கட்டினார். மரம் கல்லாக மாறிக் கிடக்கும் பூங்காவும் அதே ஊரில்தான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கல்மரம் பார்க்கப் போகிறார்கள். அப்படியே கோவிலையும் பார்த்துவிட்டு வரலாம்.

941-ல் விளக்கு, 1001-ல் கோவில். அறுபது ஆண்டு! பராந்தகன், கண்டராதித்தன், அரிஞ்சயன், சுந்தர சோழன், உத்தம சோழன், ராஜராஜன் என்று ஆறு அரசர்களின் காலத்தைப் பார்த்தவர் அவர். அரசர்கள் மாறினார்கள். அவருடைய வேலை மாறவில்லை.

அவர் பெயரில் ஓர் ஊர்

நாகப்பட்டினம் மாவட்டத்தில் செம்பியன் மாதேவி என்றே ஓர் ஊர் இருக்கிறது. அவர் பெயரால் உண்டான ஊர். அங்கே கைலாசநாதர் கோவில் உண்டு.

அவர் பிறந்தது சித்திரை மாதம், கேட்டை நட்சத்திரம். அவர் உயிரோடு இருந்தபோதே, அந்த நாளில் கைலாசநாதர் கோவிலில் விழா நடக்க மருமகள்கள் கொடை கொடுத்தார்கள். ஆம்! உத்தம சோழனின் மனைவியர் கொடுத்தார்கள். மாமியார் பிறந்த நாளுக்கு மருமகள்கள் ஒன்று சேர்ந்து விழா எடுத்தார்கள் என்றால், அந்த மாமியார் எப்படிப்பட்டவராக இருந்திருக்க வேண்டும்!

ராஜராஜனின் மகன் ராஜேந்திர சோழன் காலத்தில், 1019 வாக்கில், அந்தக் கோவிலில் அவருக்குச் செப்புத் திருமேனி வைத்து வழிபாட்டுக்கும் ஏற்பாடு செய்தார்கள்.

அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்து பிரீர் கலைக்கூடத்தில் ஒரு செப்புச் சிலை இருக்கிறது. சுமார் மூன்றரை அடி உயரம். ஒல்லியான உடல்; நீண்ட கை; அடக்கமான பார்வை. 1929-ல் அந்தக் கலைக்கூடம் அதை வாங்கியது. அது செம்பியன் மாதேவியின் உருவம்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். சோழச் சிலைகளில் அதற்கு ஈடு சொல்வது கடினம். கோவில் கட்டிய மகாராணி, கோவில் இல்லாத இடத்தில் கண்ணாடிக்கு நடுவே நிற்கிறார்.

நாகப்பட்டினம் கடற்கரைக்கு ஆண்டுதோறும் லட்சக் கணக்கான மக்கள் போகிறார்கள். நாகூர் தர்கா, வேளாங்கண்ணி மாதா கோவில், சிக்கல் சிங்காரவேலர் கோவில் என்று பார்க்கிறார்கள். வடக்கே தரங்கம்பாடியில், 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையையும் பார்க்கிறார்கள். அடுத்த முறை போகும்போது, செம்பியன் மாதேவி ஊருக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பக்கம்தான்.

நாம் செய்ய வேண்டியது

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், திருமுல்லைவாயிலுக்குப் போகலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு மணி நேரப் பயணம். பிள்ளைகளை அழைத்துப் போங்கள். எருக்கந்தூணைக் காட்டுங்கள். முதுகு காட்டும் நந்தியைக் காட்டுங்கள். கல்லில் உள்ள பழைய எழுத்தையும் காட்டுங்கள். அம்பத்தூரில் நிலம் வாங்கிக் கொடுத்த மகாராணியின் கதையைச் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள். எந்த ஊர்க் கோவிலாக இருந்தாலும், சுவரில் எழுத்து இருந்தால் அதன் மீது சுண்ணாம்பு அடிக்க விடாதீர்கள். வர்ணம் பூச விடாதீர்கள். திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுரண்டினால், எழுத்து மழுங்கிவிடும். பிறகு எந்தப் பண்டிதராலும் அதைப் படிக்க முடியாது. பிள்ளைகள் தங்கள் பெயரை அதன் மேல் கிறுக்கினால், தடுத்துச் சொல்லுங்கள்.

பழைய கோவிலைப் பிரித்தபோது, முகம் தெரியாதவர்களின் பெயரைக்கூடக் காப்பாற்றி, புதிய சுவரில் எழுதி வைத்தவர் செம்பியன் மாதேவி.

அவருடைய பெயரை நாம் காப்பாற்ற வேண்டாமா?